கடல் தாண்டிய பத்தியம்

யோகா வகுப்பில் சேர்ந்தால் ஆசனம் பிடிபடுவதற்கு முன்பே ஒரு பட்டியல் கைக்கு வந்துவிடுகிறது. வெங்காயம், பூண்டு வேண்டாம். மசாலா வேண்டாம். மிளகாயைக் குறைக்க வேண்டும். பால், பழம், பாசிப்பயறு சேர்க்கலாம். வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. நாக்கு அடங்கினால் மனம் அடங்கும், மனம் அடங்கினால் மேலே ஏறலாம் என்பது கணக்கு. கோவில்பட்டியில் கேட்டாலும் கலிபோர்னியாவில் கேட்டாலும் பட்டியலில் பெரிய வித்தியாசம் இருக்காது. யாரோ ஒரு ரிஷி ஒரே உட்காரலில் சொல்லிவிட்டுப் போனது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அது ஊர் ஊராகப் போய், போன இடத்திலெல்லாம் சிலதை அடித்து, சிலதைச் சேர்த்து வந்த பட்டியல். வழியில் கடம்பூருக்கு அடுத்த ரயில் நிலையம்கூட ஒன்று வருகிறது.

ஆரம்பம் ஒரு சோதனை. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலக ஆருணி தன் மகன் சுவேதகேதுவுக்குப் பாடம் சொல்கிறார். உண்ட உணவில் கனமான பகுதி கழிவாகிறது, நடுத்தரமானது தசையாகிறது, மிக நுண்ணியது மனமாகிறது என்கிறார். சொல்வதோடு விடவில்லை. பதினைந்து நாள் சாப்பிடாமல் இரு, தண்ணீர் மட்டும் வேண்டிய மட்டும் குடி என்று பையனை அனுப்புகிறார். பதினாறாம் நாள் வந்து நின்றவனிடம் வேதம் சொல்லச் சொன்னால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்கிறார். சாப்பிட்டு வந்ததும் கேட்டதற்கெல்லாம் பதில் வருகிறது. உணவும் மனமும் ஒரே சரக்கு என்ற எண்ணத்துக்கு இதுதான் பிறந்த வீடு. ஒன்றைக் கவனிக்கலாம்: இந்தக் கதை பட்டினியின் பெருமையைச் சொல்லவில்லை, சோற்றின் பெருமையைச் சொல்கிறது.

பகவத் கீதை 17ஆம் அத்தியாயத்தில் உணவு மூன்று வகையாகப் பிரிகிறது: சாத்விகம், ராஜசம், தாமசம். இன்றைக்கு இந்த மூன்றையும் சொல்லித்தான் வெங்காயத்தை ஒதுக்குகிறார்கள். ஆனால் கீதையின் அந்த மூன்று சுலோகங்களில் எந்தக் காயின் பெயரும் இல்லை, வெங்காயமும் இல்லை. சாறுள்ளது, நெய்ப்புள்ளது, நிலைத்து நிற்பது ஒரு பக்கம். கடும் கசப்பு, புளிப்பு, உப்பு, எரிச்சல் இன்னொரு பக்கம். ஆறி அவலாகி நாறியது மூன்றாம் பக்கம். சுவையையும் தன்மையையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. காய்கறிப் பெயர்களை நிரப்பியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

நிரப்பியவர்களில் முக்கியமானவர்கள் சமணத் துறவிகள். அவர்களைத் தேட வடக்கே போக வேண்டாம். கோவில்பட்டியிலிருந்து கொஞ்ச நேரப் பேருந்துப் பயணத்தில் கழுகுமலை. வெட்டுவான் கோவிலைப் பார்க்க வருகிறவர்கள் அதே மலையில் வரிசை வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களையும் பார்த்திருப்பார்கள். 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பாண்டிய நாட்டின் பெரிய சமணப் பள்ளிகளில் ஒன்று அங்கே இருந்தது. சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் ஆசிரியர்கள், மாணவர்கள் பெயர்கள். அவர்களில் குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் உண்டு. பொழுது சாய்ந்தால் சாப்பாடு இல்லை, தேன் இல்லை, மண்ணுக்குள் விளையும் கிழங்கு இல்லை என்பது அவர்கள் நெறி. வெங்காயமும் பூண்டும் அந்தக் கணக்கில் விழுந்தன. காரணம் மனக்கிளர்ச்சி மட்டுமல்ல. கிழங்கைப் பிடுங்கினால் செடி முழுதும் சாகும், அதோடு எண்ணற்ற சிற்றுயிர்களும் சாகும் என்பதே முதல் காரணம். கொல்லாமைக்காகப் பிறந்த விலக்கு, பிறகு மன அடக்கத்துக்கான விலக்காக வேடம் மாற்றிக்கொண்டது. திருமூலரும் திருமந்திரத்தின் முதல் தந்திரத்திலேயே புலால் மறுத்தலுக்கும் கள்ளுண்ணாமைக்கும் தனித்தனி இடம் ஒதுக்கினார்.

கழுகுமலைப் பள்ளிக்கு முன்பே பௌத்தர்கள் கையில் இந்த விலக்கு இமயமலையைத் தாண்டிவிட்டது. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்து லியாங் வம்சப் பேரரசர் வூ, துறவிகள் இறைச்சியும் மதுவும் தொடக்கூடாது என்று கட்டளையிட்டார். கூடவே ‘ஐந்து நெடிப் பொருள்கள்’ என்று ஒரு விலக்கும் நிலைபெற்றது. பூண்டும் வெங்காய இனங்களும் போக, ஐந்தாவது பெருங்காயம். அது சீனத்தில் விளையாத பொருள். இல்லாததைத் துறப்பதில் அங்குள்ள துறவிகளுக்குச் சிரமமே இருந்திருக்காது. ஜப்பானில் ஜென் மடங்களின் வாசலில் இன்றும் கல் நட்டு எழுதியிருக்கிறார்கள்: நெடிப் பொருளும் மதுவும் இந்த வாசலைத் தாண்டக்கூடாது. 1237இல் தோகென் என்ற ஜென் ஆசான் மடத்துச் சமையல்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அரிசி களைவதும் தியானம்தான் என்ற கட்சி அவருடையது.

இந்தியாவுக்குள்ளேயோ பெருங்காயம் நேர் எதிர்த் திசையில் போனது. வெங்காயம் பூண்டை விட்டவர்கள் அந்த வாசனையை ஈடுகட்டப் பெருங்காயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வியாபாரிகள் கொண்டுவந்த பிசின், விரதச் சாம்பாரின் உயிராகிவிட்டது. யோக நூல் ஒன்று அதைப் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

அந்த நூல் 15ஆம் நூற்றாண்டின் ‘ஹடயோக பிரதீபிகை’. எழுதியவர் நாத மரபைச் சேர்ந்த சுவாத்மாராமர். எழுதினார் என்பதைவிடத் தொகுத்தார் என்பதே சரி. முன்பிருந்த ஏறத்தாழ இருபது நூல்களிலிருந்து எடுத்துக் கோத்திருக்கிறார். இந்தப் பட்டியலின் கதையில் நகலெடுத்தவர்களே நாயகர்கள். சாப்பாட்டைப் பற்றி அவர் சொல்வதைக் கரிசல்காட்டு அடுப்படியில் நின்று வாசித்தால் பகீரென்று இருக்கும். புளிப்பு கூடாது, காரம் கூடாது, உப்பு கூடாது. எண்ணெய் கூடாது, எள் கூடாது, கடுகு கூடாது. தயிர், மோர் கூடாது. புளித்த கஞ்சி கூடாது. கொள்ளு கூடாது. இலந்தைப்பழம்கூடக் கூடாது. பிண்ணாக்கும் கூடாது!

மானம் பார்த்த பூமியில் கம்பங்கூழைப் புளிக்க வைத்து, மோர் ஊற்றிக் கரைத்து, மிளகாயைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போன தலைமுறைகளுக்கு இதில் மிச்சம் என்ன இருக்கிறது? கொள்ளு ரசம் போச்சு. எள்ளுருண்டை போச்சு. பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற இலந்தவடை போச்சு. செக்கடியில் கருப்பட்டி சேர்த்துக் கொடுத்த எள்ளுப் பிண்ணாக்கும் போச்சு. ஏற்றுக்கொண்ட பட்டியலில் கோதுமை, நெல், பால், நெய், வெண்ணெய், கற்கண்டு, தேன், சுக்கு, பாசிப்பயறு, புடலை என்று இருக்கின்றன. கீரையில் ஐந்து மட்டும் அனுமதி. உரைகாரர் எண்ணும் அந்தக் கீரைகளில் நம் வரப்பில் தானாக முளைக்கும் மூக்கிரட்டையும் ஒன்று. பாசிப்பயறும் மூக்கிரட்டையும்தான் கரிசலுக்குக் கிடைத்த ஆறுதல்.

கடம்பூர் போளியை இந்த நூலின் முன் நிறுத்திப் பார்த்தால் சுவாரசியம். இனிப்பாகவும் மெத்தென்றும் இருக்க வேண்டும் என்கிறார் சுவாத்மாராமர். போளி இரண்டிலும் தேறிவிடும். மாவு கோதுமையின் வாரிசு. எண்ணெயில்தான் கொஞ்சம் அடிபடும், நெய் தடவினால் அதையும் சரிக்கட்டலாம். ஆனால் அடுத்த விதியில் சிக்கிக்கொள்ளும்: வயிற்றில் கால் பங்கைக் காலியாக விட்டுவிட்டுத்தான் எழ வேண்டும். ரயில் கிளம்புவதற்குள் பொட்டலத்தைக் காலி செய்கிற நமக்கு அந்தப் பரீட்சை கஷ்டம்.

இந்த விதிகளுக்குப் பின்னால் தொழில்நுட்பக் காரணம் இருந்தது. மூச்சை அடக்கிப் பழகுகிற ஆரம்ப காலத்தில் உடம்பு சூடேறும், வறளும். அதைத் தணிக்கத்தான் பாலும் நெய்யும். பழக்கம் உறுதிப்பட்ட பிறகு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை என்று அதே நூல் இரண்டாம் அத்தியாயத்தில் சொல்லிவிடுகிறது. அதிகாலைக் குளியலும் பட்டினி விரதமும் சாதகனுக்கு ஆகாது என்றும் சொல்கிறது. பின்வந்த நகல்களில் ‘கூடாது’ மட்டும் தங்கிவிட்டது. ‘எதுவரை கூடாது’ உதிர்ந்துபோனது. எனக்கு இந்தக் கதையில் பெரிய இழப்பாகத் தெரிவது இதுதான்.

சுவாத்மாராமர் காலத்தில் இந்தியாவில் இல்லாத ஒரு பொருள் அடுத்த நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பல்களில் வந்து இறங்கியது. அமெரிக்கக் கண்டத்து மிளகாய். விளாத்திகுளம் பக்கம் கரிசலில் அது பிடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தால் இங்கேயே பிறந்ததுபோல் தோன்றும். யோகியின் விலக்குப் பட்டியலிலும் அது சத்தமில்லாமல் முதல் வரிசைக்கு வந்துவிட்டது. அதே கண்டத்து உருளைக்கிழங்கும் தக்காளியும் எந்த விசாரணையும் இல்லாமல் சாத்விகச் சமையலறைக்குள் நுழைந்துகொண்டன.

1904இல் சிகாகோவில் ‘ஹட யோகா’ என்று ஒரு புத்தகம் வெளிவந்தது. ஆசிரியர் யோகி ராமசரகா. உணவில் பிராணன் இருக்கிறது, அதை நாக்கின் நரம்புகள் உறிஞ்சிக்கொள்ள வேண்டும், அதனால் நன்றாக மென்று கரைத்து விழுங்குங்கள் என்று அதில் விரிவாகச் சொல்லியிருந்தார். புத்தகம் நன்றாக விற்றது. யோகியோ வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்ற அமெரிக்க வக்கீல். மெல்லுவதைப் பற்றி அந்தக் காலத்தில் அமெரிக்கர்களுக்கே ஒரு பித்து இருந்தது. ஹொரேஸ் பிளெட்சர் என்பவர் உணவு வாயில் கூழாகும்வரை மெல்லச் சொல்லி ஊர் ஊராகப் பேசிவந்தார். உள்ளூர்ப் பித்துக்கு இந்தியப் பெயர் சூட்டி விற்றவர் அட்கின்சன்.

அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1901இல், சென்னை மாகாண ஆளுநர் ஆம்ப்தில் பிரபு குருமலைக் காட்டுக்கு வேட்டையாட வந்தார். கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவில் உள்ள குமாரபுரம் ரயில் நிலையத்தில் வரவேற்பு. கு. அழகிரிசாமியின் சிறுகதையால் தமிழ் வாசகர்கள் அறிந்த அதே குமாரபுரம் ஸ்டேஷன். நடைமேடையில் நின்று வரவேற்புப் பாட்டுப் பாடிய பையன், எட்டயபுரம் ராஜா உயர்நிலைப்பள்ளி மாணவன் குப்புசாமி. ஊர் பத்தமடை. அப்பா வேங்கு ஐயர் எட்டயபுரம் ஜமீனில் அதிகாரி. மான் சுட வந்தவருக்கு வாழ்த்துப் பாடிய இந்தப் பையன்தான் பின்னாளில் சுவாமி சிவானந்தர். இந்தப் பத்தியத்தை உலகத்துக்கு அனுப்பிவைத்தவர்களில் அவருக்கு இணையாக ஒருவரைச் சொல்வது கடினம்.

அவர் துறவியாகத் தொடங்கவில்லை. தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். 1909இல் ‘அம்ப்ரோசியா’ என்ற மருத்துவ இதழ் நடத்தினார். 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். ஆசாரக் குடும்பம், கப்பலில் புலால் சமையல். அம்மா கட்டிக்கொடுத்த இனிப்புகளையும் தண்ணீரையும் வைத்தே வழி முழுதும் ஒப்பேற்றினார். கரையிறங்கும்போது பாதி உயிர்தான் இருந்தது என்று அவரே பிறகு எழுதியிருக்கிறார். இனிப்பாகவும் மெத்தென்றும் சாப்பிடு என்ற விதியை அப்படியே கடைப்பிடித்த பயணம் என்றுகூடச் சொல்லலாம், பலன்தான் வேறு மாதிரி. செரம்பான் பக்கம் ரப்பர் தோட்ட மருத்துவமனையில் தோட்டக்காட்டுத் தமிழர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். மகாராஷ்டிரத்துக் கிராமம் ஒன்றில் போஸ்ட்மாஸ்டர் வீட்டில் சில மாதம் சமையல் வேலைகூடப் பார்த்தார். அந்த போஸ்ட்மாஸ்டர் வழிகாட்டி 1924இல் ரிஷிகேசம் போய்ச் சேர்ந்தார். அங்கே துறவிகளுக்கான சத்திரத்தில் வாங்கிய ரொட்டிதான் சாப்பாடு.

சாதகர்களுக்காக அவர் எழுதிய இருபது அறிவுரைகளில் ஒன்று மிதமான உணவு பற்றியது. மிளகாய், புளி, பூண்டு, வெங்காயம், புளிப்பு, எண்ணெய், கடுகு, பெருங்காயம் அத்தனையையும் விடச் சொல்கிறார். பழைய சுவாத்மாராமர் பட்டியல்தான். ஆனால் மிளகாயும் புளியும் முதலில் வந்து உட்கார்ந்ததைப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவர் தன் வீட்டு அஞ்சறைப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்த மாதிரி இருக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை, மனசுக்கு மிகப் பிடித்த பண்டத்தை ஒன்றிரண்டு வாரம் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் உப்பும் சர்க்கரையும் இல்லாமல் இருந்து பார்க்க வேண்டும். சட்னி இல்லாமல் சோறு, பருப்பு, ரொட்டியில் காலம் தள்ளத் தெரிய வேண்டும். காப்பிக்குக் கூடுதலாகச் சர்க்கரை கேட்கக் கூடாது. அந்த அறிவுரையில் காப்பியையே விடச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கும்பகோணம் முதல் பத்தமடைவரை பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

அவர் ஆங்கிலத்தில் எழுதினார், இருநூறுக்கும் மேற்பட்ட நூல்கள். கேட்டவர்களுக்கு இலவசமாகத் தபாலில் அனுப்பினார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். தான் மேற்கே போகவில்லை, சீடர்களை அனுப்பினார். 1957இல் புறப்பட்ட விஷ்ணுதேவானந்தர் மாண்ட்ரியாலில் மையம் திறந்து, யோகத்தை ஐந்து அம்சமாகச் சுருக்கி விளக்கினார். சரியான உடற்பயிற்சி, மூச்சு, ஓய்வு, உணவு, நல்லெண்ணமும் தியானமும். உணவென்றால் மரக்கறி உணவு. தேவைக்கு மேல் விளக்கமில்லாத இந்த ஐந்தும் மேற்கத்திய யோகா வகுப்புகளுக்குள் சுலபமாக நுழைந்துகொண்டன.

இன்னொரு சீடர் கோயம்புத்தூர்ச் செட்டிப்பாளையத்து ராமசாமி. 1949இல் சிவானந்தரிடம் துறவு பெற்று சச்சிதானந்தர் ஆனார், இலங்கையில் பல ஆண்டு ஆசிரமம் நடத்தினார், 1966இல் நியூயார்க் போனார். 1969 ஆகஸ்ட் 15 அன்று, உட்ஸ்டாக் இசைவிழாவில் லட்சக்கணக்கான இளைஞர்கள் முன்னால் தொடக்க உரை ஆற்றிய காவி உடைக்காரர் அவர்தான். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்து அங்கே சாப்பாடு தீர்ந்துபோனது. ஹாக் ஃபார்ம் என்ற குழுவினர் அண்டா அண்டாவாகக் கைக்குத்தல் அரிசிச் சோறும் காய்கறியும் சமைத்துப் போட்டார்கள். ஓட்ஸும் கொட்டைகளும் கலந்த காலை உணவைக் காகிதக் குவளையில் கொடுத்தார்கள். அது யோகியின் சமையலறை அல்ல. ஆனால் காவியும் தவிட்டரிசியும் ஒரே வாரக் கடைசியில் அமெரிக்க மனசில் சேர்ந்து பதிந்தன. சில ஆண்டுகளில் சச்சிதானந்தரின் சீடர்கள் நியூயார்க்கில் இயற்கை உணவுக் கடையே நடத்தினார்கள். அந்த மாதிரிக் கடைகள் பிரபலமாக்கிய கிரானோலா பாரை நம்மவர்கள் பார்த்தால், கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் தூரத்துச் சொந்தம் என்று அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அடுத்த தாவல் தற்செயல். டெக்ஸாஸில் மனச்சோர்வில் வாடிக்கொண்டிருந்த டீன் ஆர்னிஷ் என்ற கல்லூரி மாணவரின் அக்கா சச்சிதானந்தரிடம் யோகம் பழகியவர். அந்தப் பழக்கத்தில் அவர் பெற்றோர் சுவாமிக்காக வீட்டில் ஒரு விருந்து வைத்தார்கள். மது பரிமாறும் விருந்து. அங்கே சுவாமியைக் கேட்ட பையன் பின்னால் மருத்துவரானார். யோகம், தியானம், கொழுப்பு மிகக் குறைந்த மரக்கறி உணவு, நடைப்பயிற்சி எல்லாம் சேர்த்து இதய நோயாளிகளிடம் சோதித்தார். 1990இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: ஓராண்டு இந்த முறையில் இருந்த குழுவில் 82 சதவீதம் பேருக்கு ரத்தக்குழாய் அடைப்பு குறையும் திசையில் இருந்தது. மிகச் சிறிய சோதனைதான், சிகிச்சைக் குழுவில் 28 பேர். ஆனாலும் 2010இல் அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு இந்தத் திட்டத்துக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. சுவாத்மாராமர் பார்த்தால் தலையில் கை வைத்திருப்பார். அவர் கொண்டாடிய நெய்யும் வெண்ணெயும் ஆர்னிஷ் பட்டியலில் விலக்கு. முட்டையின் வெள்ளைக்கரு அனுமதி. பால் உண்டு, ஆடை எடுத்தது, அதுவும் அளவாக.

பட்டியல் இப்போது திரும்பி வந்துகொண்டிருக்கிறது, இந்த முறை சிறுதானியம் என்ற பெயரில். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, யோகா முகாம் நடத்துகிறவர்கள் குதிரைவாலியைச் சாத்விக உணவென்று பரிமாறுகிறார்கள். ஆதாரம் இல்லாமல் இல்லை. காளிதாசனின் சாகுந்தலத்தில் கண்வர் ஆசிரமத்து மான்குட்டி சியாமாகம் என்ற புல்லரிசியைக் கைப்பிடி கைப்பிடியாகத் தின்று வளர்கிறது. அது குதிரைவாலியின் இனம். வட இந்தியாவில் நவராத்திரி விரதத்தில் நெல்லரிசியும் கோதுமையும் ஆகாது, ஆனால் குதிரைவாலி ஆகும். 1901இல், ஆளுநர் வேட்டைக்கு வந்த அதே ஆண்டில், கோவில்பட்டியில் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மானாவாரிப் பயிர்களோடுதான் ஒரு நூற்றாண்டைக் கடந்திருக்கிறது. புரட்டாசி மழையைப் பார்த்து விதைத்தால் மூன்று மாதத்தில் கதிர். உமியை நீக்குவதுதான் பாடு. முன்பு உரலில் பெண்களின் தோள் நோகக் குத்தினார்கள், அதனாலேயே ரேஷன் அரிசி வந்ததும் பலர் கைவிட்டார்கள்.

இன்று அது ஆலையில் தீட்டப்பட்டு, பொன்னி அரிசியைவிடக் கூடுதல் விலையில், கடையில் பொட்டலமாக உட்கார்ந்திருக்கிறது. காய்கறி கிச்சடி செய்யலாம், பால் ஊற்றிப் பாயசம் வைக்கலாம் என்று உறையில் குறிப்பு இருக்கிறது. கடம்பூர்ப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், அந்தச் சோற்றுக்கு மொச்சை போட்ட புளிக்குழம்புதான் பொருத்தம் என்பார்கள். வீட்டில் புலால் உண்டென்றால், கருவாட்டுக் குழம்பு.